உப்புக் கரைசலில் சர்க்கரை எதற்கு?

வயிற்றுப்போக்குக்குத் தரும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் உப்போடு சர்க்கரையும் இருப்பது, குழந்தை முகம் சுளிக்காமல் குடிப்பதற்காகத்தானே என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். ருசிக்காக அன்று, சர்க்கரை இல்லையேல் அந்தக் கரைசலால் பயனில்லை.

ரோட்டா வைரஸ், ஷிகெல்லா, காலராக் கிருமி முதலியவை அசுத்தமான நீராலும் கழுவாத கைகளாலும் வயிற்றுக்குள் போவதை அனைவரும் அறிவோம். இவற்றுள் காலராக் கிருமி குடலைப் புண்ணாக்குவதில்லை, நச்சைச் சுரக்கிறது. அந்தக் கிருமி வளர்ந்த திரவத்தை வடிகட்டி, கிருமி நீக்கிய வடிநீரை மட்டும், நூலால் கட்டிய முயற்குடலுக்குள் செலுத்தி, அதுவே குடலை நீரால் உப்பவைப்பதை 1959இல் கல்கத்தாவில் மருத்துவ ஆய்வாளர் சம்புநாத் தே காட்டினார். நச்சுப்பட்ட செல்கள் உப்பின் ஒரு கூறான குளோரைடை ஓயாமல் வெளியேற்ற, மற்றொரு கூறான சோடியமும் நீரும் அதன் பின்னாலேயே போய்விடுகின்றன.

அப்போது வெறும் உப்புநீரைக் குடித்தால் அதில் பெரும்பகுதி உடலில் சேராது. ஆனால் குடற்செல்களின் உள்விளிம்பில் எஸ்.ஜி.எல்.டி.1 என்றொரு புரதம் இருக்கிறது. அந்த நச்சு இதைத் தொடுவதில்லை. குடலைப் பார்த்துத் திறந்திருக்கும் இந்தப் புரதத்தில் முதலில் 2 சோடியம் அயனிகள் வந்து அமர்கின்றன. அவை அமர்ந்த பிறகே குளுக்கோஸுக்கான (பொட்டலத்தில் உள்ள சர்க்கரை இதுதான்) இடம் சரியாக அமைகிறது. குளுக்கோஸும் வந்து பொருந்தியதும் புரதம் வெளிப்புறத்தை மூடி, செல்லின் உட்புறமாகத் திறந்து மூன்றையும் இறக்கிவிடுகிறது. பின்னர் சோடியத்தை ஒரு பம்பு பக்கவாட்டில் வெளியேற்ற, குளுக்கோஸ் வேறு வழியாக இரத்தத்தை அடைய, அவற்றை நாடி நீரும் உள்ளே வருகிறது. சோடியமும் குளுக்கோஸும் இவ்வாறு சேர்ந்தே நுழைகின்றன என்னும் கருத்தை உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் 1960இல் பிராக் நகரில் முன்வைத்தார்.

ஆகவே அளவு முக்கியம். லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. சர்க்கரை மிகுந்தால் அது குடலுக்குள்ளேயே தங்கி நீரை எதிர்ப்புறம் இழுக்கும். ஒரு லிட்டருக்கான பொட்டலம் முழுவதையும் ஒரே டம்ளரில் கரைத்துப் புகட்டிய பாட்டி ஒருவரைப் பார்த்திருக்கிறேன். “தண்ணி கொடுத்தா இன்னும் போகும்” என்பது அவருடைய நம்பிக்கை. அந்தக் குழந்தையின் உச்சிக்குழி, உடலில் நீர் வற்றியதன் அடையாளமாக, ஏற்கெனவே உள்வாங்கியிருந்தது.

1971இல் வங்கதேச அகதிகள் நிறைந்திருந்த மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தபோது, மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் இந்தக் கரைசலைத் தயாரித்து நோயாளிகளின் உறவினர் கையிலேயே கொடுத்துப் புகட்டச் செய்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.