ஜூனியர் வக்கீல்களே, எழுதுங்கள். தேதி போட்டு எழுதுங்கள்

கறுப்புக் கோட்டு போட்ட முதல் இரண்டு மூன்று வருடம் எல்லோருக்கும் ஒரே கவலைதான்: கேஸ் எங்கிருந்து வரும்? வீட்டில் வக்கீலே இல்லாமல் வந்தவர்களுக்கு அது இன்னும் கனம். விளம்பரம் செய்யவும் வழியில்லை. இந்திய பார் கவுன்சில் விதி 36 தடுக்கிறது. பெயர்ப்பலகைகூட அளவாகத்தான் இருக்க வேண்டும். 2008-ல் வந்த திருத்தம் இணையதளம் வைத்துக்கொள்ள அனுமதித்தாலும், பெயர், முகவரி, படிப்பு, எந்தத் துறை என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

எனக்குக் கைகொடுத்தது எழுத்துதான். சீனியர் ஆபீஸுக்கு வருகிறவர்களில் பலர் கேட்பது, "கல்யாணமாகிப் போன பொண்ணுக்குப் பூர்வீகச் சொத்துல பங்கு உண்டா சார்?" பதிலை ஒரு நாள் இரண்டு பக்கத்தில் எழுத உட்கார்ந்தேன். எழுதும்போதுதான் எனக்கே எத்தனை இடத்தில் தெளிவில்லை என்று புரிந்தது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் மகளுக்கும் சமபங்கு கொடுத்து 1989-ல் வந்த தமிழ்நாட்டுத் திருத்தம், 25.3.1989-க்கு முன்பே கல்யாணமான மகள்களுக்குப் பொருந்தாது. அதே சட்டத்துக்கு 2005-ல் வந்த மத்தியத் திருத்தத்தில் அந்தப் பாகுபாடு இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுத்தான் என் பெயரைக் கேட்டுக்கொண்டு முதல் கட்சிக்காரர் வந்தார். அப்புறம் சட்ட உதவி முகாம்களில் பேசக் கூப்பிட்டார்கள்.

ஆனால் அந்தக் கட்டுரையில் ஒரு வரி இருந்தது: மகளுக்குப் பங்கு வர, மத்தியத் திருத்தம் அமலுக்கு வந்த 9.9.2005 அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும். பிரகாஷ் எதிர் பூலாவதி வழக்கில் 2015-ல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொல்லியிருந்தது. 11.8.2020 அன்று வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. மகளின் உரிமை பிறப்பால் வருவது, அப்பா அன்று இருந்தாரா என்பது பொருட்டல்ல என்றார்கள். நான் கட்டுரையைத் திருத்தவில்லை. வேலை மும்முரத்தில் விட்டுப்போயிற்று.

அடுத்த வருடம் ஓர் அம்மா வந்தார். 1985-ல் கல்யாணமானவர். மஞ்சப்பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்தார். என் கட்டுரை. அந்த வரிக்குக் கீழே பென்சில் கோடு.

"அப்பா 2001-லயே போயிட்டாரு தம்பி. எனக்குச் சமபங்கு வராதுன்னு நீங்கதான எழுதியிருக்கீங்க. அண்ணன் விடுதலைப் பத்திரத்துல கையெழுத்து கேக்குறாரு, போட்டுரவா?"

விடுதலைப் பத்திரம் என்றால் தன் பங்கை விட்டுக்கொடுப்பது. நல்லவேளை, போடுவதற்கு முன் கேட்டார். அந்தக் குடும்பத்தில் பாகப்பிரிவினையே நடந்திருக்கவில்லை. "போடாதீங்கம்மா" என்று சொல்லி, நான் எழுதியது பழசாகிவிட்டதையும் ஒத்துக்கொண்டேன். அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

அதிலிருந்து ஒவ்வொரு கட்டுரையின் தலையிலும் தேதி போடுகிறேன். புதுத் தீர்ப்பு வந்தால், பழைய கட்டுரைகளைத் திருத்திய பிறகுதான் அடுத்த கேஸ் கட்டைப் பிரிப்பேன்.

இன்னொன்று, நீங்கள் ஆஜராகும் வழக்கைப் பற்றி எழுதவே வேண்டாம். விதி 36 அதையும் சேர்த்தேதான் தடுக்கிறது. ஊர்ப் பெயரை மாற்றினாலும் கிணற்றையும் தென்னந்தோப்பையும் வைத்து அக்கம்பக்கத்தார் கண்டுபிடித்துவிடுவார்கள். கட்சிக்காரர் நம்மிடம் சொன்னது நம்மோடு இருக்கட்டும்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கிறீர்களா? இந்த வாரம் உங்களிடம் இரண்டு பேர் கேட்ட ஒரே கேள்வி எது? அதிலிருந்து தொடங்குங்கள்.