சட்டியில் சுருங்கும் சிக்கன், சுருங்காத புரதம்

தோலும் எலும்பும் நீக்கிய கோழி நெஞ்சுக்கறி 100 கிராமில் சுமார் 22 கிராம் புரதம் இருக்கிறது. இது பச்சைக் கறியின் கணக்கு. வெந்த கறியைத் தேடினால் ஊட்டச்சத்து அட்டவணை 31 கிராம் என்று காட்டும். சமைத்தால் புரதம் கூடுமா என்ன? கூடாது. தண்ணீர்தான் குறைகிறது.

பச்சைக் கறியில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். தசையின் புரத இழைகளுக்கு நடுவே அது தங்கியிருக்கும். சூடு 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது மயோசின் என்ற புரதம் உருக்குலையத் தொடங்கும். 60-க்கு மேல், தசை இழைகளைச் சுற்றியிருக்கும் கொலாஜன் என்ற புரதம் சுருங்கி, ஈரத்துணியைப் பிழிவதுபோல் நீரை வெளியே தள்ளும். 70-ஐ ஒட்டி ஆக்டின் என்ற இன்னொரு தசைப் புரதமும் உருக்குலைய, கறி இன்னும் இறுகும். வறுவலுக்குப் போட்ட சிக்கன் முதலில் நீர் விட்டு, அப்புறம் வற்றுவது இதனால்தான். அந்த நீரில் புரதமும் கொஞ்சம் கரைந்து வரும். பெரும்பகுதி கறியிலேயே நின்றுவிடும்.

சரி, புரதத்தைக் கணக்குப் போடும்போது தப்பு எங்கே நடக்கிறது? 500 கிராம் பச்சைக் கறியில் 110 கிராம் புரதம். அது வெந்து 375 கிராம் ஆனது என்று வைத்துக்கொள்வோம். அதில் 200 கிராம் சாப்பிட்டால் கிடைப்பது கிட்டத்தட்ட 59 கிராம். சாப்பாட்டைப் பதிந்து புரதம் கணக்கிடும் செயலியில் இந்த 200 கிராமைப் பச்சைக் கறி என்று பதிந்தால் 44 என்றுதான் காட்டும்.

பச்சையாக எடை போடுவதே என் பார்வையில் நம்பகமானது. லேசாக வேகவைத்த கறியும் மொறுமொறுவென்று வறுத்த கறியும் ஒரே அளவு நீரை இழப்பதில்லை. 31 என்பது ஒரு சராசரிதான். வீட்டுக்கே சேர்த்துச் சமைத்தால் மொத்தக் கறியைப் பச்சையாக ஒருமுறை, வெந்தபின் ஒருமுறை நிறுத்துக்கொள்ளுங்கள். வெந்த எடையில் உங்கள் பங்கு எவ்வளவோ, மொத்தப் புரதத்திலும் அவ்வளவு. எலும்போடு வாங்கிய கறி என்றால் எலும்பின் எடையைக் கழிக்க வேண்டும். குழம்பில் போட்ட கறிக்கு இவ்வளவு துல்லியம் வராது. துண்டுகளை எண்ணிப் பங்கு போட்டால் போதும்.

பருப்பில் கதை தலைகீழ், அது தண்ணீரைக் குடித்துப் பெருக்கிறது. காய்ந்த துவரம்பருப்பு 100 கிராமில் 22 கிராம் அளவுக்குப் புரதம் உண்டு. வெந்த பருப்பில் 7 கிராம்தான். இங்கே வெந்த பருப்பைக் காய்ந்தது என்று மாற்றி எழுதினால், சாப்பிட்டதைப்போல் மூன்று மடங்கு புரதம் கணக்கில் ஏறிவிடும்.