உடற்கடிகாரமும் தொப்பையும்

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் ஒன்றரை ஷிப்ட் முடித்து, இரவு பத்தரை மணிக்குப் பரோட்டா சாப்பிட்டுவிட்டுப் படுப்பவருக்கும், அதே அளவு பரோட்டாவை மாலை ஆறரை மணிக்கே முடித்துவிடும் அவருடைய அண்ணனுக்கும் உணவு ஒன்றாக இருந்தாலும், அதை உடல் கையாளும் விதம் ஒன்றல்ல.

மூளையின் அடிப்பகுதியில், இரு கண்களின் பார்வை நரம்புகளும் சந்திக்கும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட சிறு தொகுதி ஒன்று இருக்கிறது. கண்ணில் படும் வெளிச்சத்தை வைத்து நேரத்தைச் சரிசெய்துகொள்ளும் தலைமைக் கடிகாரம் அதுவே. கல்லீரலுக்கும் கணையத்துக்கும் கொழுப்புத் திசுவுக்கும் தனிக் கடிகாரங்கள் உண்டு. அவை பெரும்பாலும் சாப்பாட்டு நேரத்தைப் பார்த்தே தம்மைத் திருத்திக்கொள்கின்றன. தலைமைக் கடிகாரம் ஒரு நேரத்தையும் வயிறு வேறொரு நேரத்தையும் சொல்லும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

இருட்டியபின் சுரக்கும் மெலடோனின், கணையத்தின் இன்சுலின் சுரப்பைத் தணிக்கிறது. காலையில் எளிதாகச் செரித்துச் செலவாகும் மாவுச்சத்து, இரவில் இரத்தச் சர்க்கரையைக் கூடுதலாக ஏற்றி நெடுநேரம் நிறுத்திவைக்கிறது. பாஸ்டனில் உடல் எடை கூடிய 16 பேரை வைத்து நடத்தி 2022இல் வெளியிட்ட ஆய்வொன்றில், அதே உணவைச் சுமார் நான்கு மணி நேரம் தள்ளிக் கொடுத்தார்கள். பசி கூடியது, போதும் என்று உணர்த்தும் லெப்டின் குறைந்தது, உடல் எரிக்கும் ஆற்றலும் குறைந்து, கொழுப்புத் திசுவின் மரபணுக்கள் சேமிப்புப் பக்கம் சாய்ந்தன.

சிலர் இயல்பிலேயே இரவில்தான் சுறுசுறுப்பாக இருப்பார்கள். அதில் மரபுக்கும் வயதுக்கும் பங்குண்டு. இருபது வயதையொட்டி அந்தப் போக்கு உச்சத்தை அடைந்து, பிறகு தணிகிறது. ஆகவே எட்டு மணிவரை தூங்கும் கல்லூரிப் பையனைச் சோம்பேறி என்று வைவது பாதி நியாயம்தான். தென்கொரியாவில் 47 முதல் 59 வயது வரையிலான 1,620 பேரை ஆராய்ந்து 2015இல் வெளியான ஆய்வு, இரவு இயல்புடைய பெண்களிடம் வயிற்றுக் கொழுப்பும், ஆண்களிடம் நீரிழிவும் தசைக் குறைவும் கூடுதலாக இருந்ததைக் காட்டியது. இது தொடர்புதானே தவிர, இரவு இயல்பே காரணம் என்பதற்கான நிரூபணம் அல்ல. என் பார்வையில், அந்த இயல்போடு சேர்ந்து வரும் பின்னிரவுச் சாப்பாட்டையும் அரைகுறைத் தூக்கத்தையுமே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

குடலைச் சுற்றிப் படியும் கொழுப்பின் கொழுப்பமிலங்கள் போர்ட்டல் சிரை வழியாக நேரே கல்லீரலுக்குச் செல்வதால், தோலடிக் கொழுப்பைவிட அது தொல்லையானது. நம்மவர்களுக்கு எடை கூடாமலேயே அது சேரக்கூடும் என்பதால் எடை இயந்திரத்தை மட்டும் நம்ப முடியாது. பனியன் கம்பெனி டெய்லரின் இஞ்ச் டேப் போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே அதைச் சுற்றி, வயிற்றை எக்காமல், மூச்சை இயல்பாக வெளிவிட்டபின் அளக்க வேண்டும். ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. என்பதே இந்தியர்களுக்கான எல்லை.