பதிவு மாமியார் ஊரில், பிரசவம் தாய்வீட்டில்: நர்சம்மா எந்த வீட்டுக்கு வருவார்?

கடலூர் மாவட்டத்தில் கர்ப்பத்தைப் பதிவு செய்வது கிராமமானால் கிராம சுகாதார செவிலியர், நகரமானால் நகர்ப்புற சுகாதார செவிலியர். வாய்வழக்கில் இருவருமே நர்சம்மாதான். 12 வாரத்துக்குள் பதிவு செய்துவிடுங்கள். கர்ப்பப் பதிவுக்கான அரசின் பிக்மி இணையதளத்தில் கிடைக்கும் 12 இலக்க ஆர்.சி.ஹெச். எண்ணை (தாய் சேய் நலப் பதிவு எண்)ப் பிறப்புச் சான்றிதழுக்கும் கேட்பார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 18,000 ரூபாய்க்கும் அதுவே ஆதாரம். அதில் 14,000 வங்கிக் கணக்குக்கு வரும், மீதி இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம்.

சிக்கல் வளைகாப்புக்குப் பிறகுதான் தொடங்கும். பதிவு பண்ருட்டிப் பக்கம், பெண் ஏழாம் மாதம் போவது காட்டுமன்னார்கோவிலுக்கு. பழைய ஊர் நர்சம்மா பூட்டிய வீட்டைப் பார்த்துத் திரும்புவார்; புது ஊர் நர்சம்மாவுக்கு இப்படி ஒருவர் வந்திருப்பதே தெரியாது. அதனால் கிளம்பும் முன் பழைய நர்சம்மாவிடம் சொல்லுங்கள். போய்ச் சேர்ந்த வாரமே அந்த ஊர் துணை சுகாதார நிலையத்தில் தாய் சேய் நல அட்டையைக் காட்டி, அங்கே எடுக்கப்படும் கைப்பேசி எண்ணைக் கொடுங்கள். வேலைக்குப் போகும் கணவர் எண் மட்டும் இருந்தால் பயனில்லை. மறுபடி புதிதாகப் பதிவு போடச் சொல்லாதீர்கள். ஒரே கர்ப்பத்துக்கு இரண்டு எண் விழுந்தால் பணம் வரும்போது இழுபறி.

தாய்வீடு பாகூர், அரியாங்குப்பம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஆற்றைத் தாண்டினால் புதுச்சேரி; நிர்வாகம் வேறு, வீட்டுக்கு வரும் செவிலியர் (அங்கே ஏ.என்.எம். என்பார்கள்) வேறு, தமிழ்நாட்டு நிதியுதவியும் அங்கே கிடையாது. ஜிப்மரில் பிரசவமானாலும் டிஸ்சார்ஜ் சீட்டின் நகலைக் கடலூர் நர்சம்மாவிடம் சேர்ப்பது உங்கள் வேலை. தானாக வந்து சேரும் என்று இருந்துவிடாதீர்கள்.

பிரசவத்துக்குப் பின் 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் வீட்டில் வந்து பார்க்க வேண்டும் என்பது மத்திய அரசின் வழிகாட்டுதல். வீட்டிலேயே பிறந்திருந்தால் முதல் நாளும் உண்டு. சிசேரியன் என்றால் 3ஆம் நாள் ஆஸ்பத்திரியிலேயே கழியும். வீடு திரும்பிய அன்றே தகவல் சொல்லுங்கள். வருகைக்குக் கட்டணம் எதுவும் இல்லை.

வந்தால் என்ன பார்ப்பார்? முதலில் எடை. துணியில்லாமல் அல்லது ஒரே மெல்லிய துணியோடு, ஒவ்வொரு முறையும் அதே மாதிரி. சட்டை, தொப்பி, சுற்றிய போர்வையோடு நிறுத்தால் நூறு இருநூறு கிராம் கூடிவிடும், எடை ஏறாத பிள்ளையும் ஏறியதாகத் தெரியும். முதல் சில நாளில் எடை கொஞ்சம் குறைவது இயல்பு. இரண்டு வாரத்தில் பிறந்த எடையை எட்டாவிட்டால் தாய்ப்பால் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும். மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும், அழும்போது எண்ணக் கூடாது. 60 அல்லது அதற்கு மேல் வந்தால் மறுபடி எண்ணுவார். மறுபடியும் அப்படியே என்றால் ஆஸ்பத்திரிதான். குளிப்பாட்டிய கையோடு வெப்பம் பார்த்தால் குறைவாகக் காட்டும். அதனால் அன்று குளியலை நர்சம்மா போன பிறகு வைத்துக்கொள்ளலாம்.

தொப்புளில் மஞ்சளோ விபூதியோ வைத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். சர்க்கரைத் தண்ணீர், தேன், மூக்கில் எண்ணெய் எல்லாம் அப்படித்தான். பாட்டி சங்கடப்படுவார் என்று மூடி மறைத்தால் சளிக்கும் சீழுக்கும் காரணம் பிடிபடாது. தாயையும் கேட்பார்கள்: உதிரப்போக்கு, காய்ச்சல், மார்பில் கட்டு. பிரசவத்துக்குப் பின்னும் 180 நாள் இரும்புச்சத்து மாத்திரை உண்டு. கால்சியம் மாத்திரையோடோ காபியோடோ சேர்த்து விழுங்கினால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது; சில மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

பிள்ளை பால் குடிக்க மறுத்தால், துவண்டு கிடந்தால், மார்புக்கூடு உள்ளிழுத்தால் அடுத்த வருகைக்குக் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். வருகை நாள் தாண்டியும் யாரும் வரவில்லையென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பகுதி சுகாதார செவிலியரைக் கேளுங்கள், அல்லது 104 சுகாதார உதவி எண்ணை அழையுங்கள். அழைக்கும்போது ஆர்.சி.ஹெச். எண், பிரசவ தேதி, இப்போது தங்கியிருக்கும் தெரு மூன்றும் கையில் இருக்கட்டும்.