மூன்று கப்பல்கள் ஏன் வெடித்துச் சிதறின?

1916 மே 31, முதல் உலகப் போர். டென்மார்க்கின் ஜட்லண்ட் கரைக்கு மேற்கே, வட கடலில் பிரிட்டிஷ், ஜெர்மன் கப்பற்படைகள் மோதிக்கொண்டன. இரு தரப்பிலும் சேர்த்து சுமார் 250 கப்பல்கள். மாலை 4 மணியைத் தாண்டிய சில நிமிடங்களில் பிரிட்டிஷ் கப்பல் 'இன்டிஃபேட்டிகபிள்' வெடித்து மூழ்கியது. 4.26-க்கு 'குயீன் மேரி'. 6.34-க்கு 'இன்வின்சிபிள்'. ஒவ்வொன்றிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். இன்வின்சிபிளில் பிழைத்தவர்கள் 6 பேர்தான்.

மூன்றும் பேட்டில்குரூசர் வகை. வேகத்துக்காகக் கவசத்தைக் குறைத்துக் கட்டியவை. அதனால் 'தகடு மெலிசு, குண்டு துளைத்துவிட்டது' என்பதே பலரும் சொல்லும் விளக்கம். பாதிதான் சரி. குண்டு துளைத்தால் ஓட்டை விழும், தீப்பிடிக்கும், ஆட்கள் சாவார்கள். 26,000 டன் கப்பல் இரண்டாகப் பிளக்க அது போதாது. பிளந்தது கப்பலின் சொந்த வெடிமருந்து.

பீரங்கிகள் இருப்பது மேலே, டரெட் எனப்படும் சுழலும் கவசக் கூட்டில். வெடிமருந்துக் கிடங்கு பல தளங்களுக்குக் கீழே, நீர்மட்டத்துக்கும் அடியில். இரண்டையும் இணைப்பது ஒரு நீண்ட செங்குத்துக் குழாய். அதற்குள் குண்டும் மருந்தும் லிஃப்டில் மேலே போகும். குயீன் மேரியின் பீரங்கி ஒருமுறை சுட, குண்டை உந்தித் தள்ளும் கார்டைட் மருந்து 4 பட்டுப் பைகள் வேண்டும். ஒரு பை 30 கிலோவுக்கு மேல். பையின் முனையில் சட்டென்று பற்றுவதற்காகக் கொஞ்சம் கரிமருந்து வைத்துத் தைத்திருப்பார்கள்.

கார்டைட்டின் குணம் விசித்திரமானது. சுற்றிலும் அழுத்தம் ஏற ஏற அது எரியும் வேகமும் ஏறும். வெடிக்காத வெடியைப் பிரித்து மருந்தைக் காகிதத்தில் கொட்டிப் பற்றவைத்தால் புஸ்ஸென்று எரிந்து அடங்கும். அதையே சணல் சுற்றி இறுக்கினால்தான் சத்தம். கிடங்கிலும் அதுதான் கதை. வாயு வெளியேற வழியில்லை, அழுத்தம் ஏறுகிறது, எரிவது வேகமாகிறது, இன்னும் வாயு. கடைசியில் இரும்புச் சுவர்கள் தாங்காது.

சரி, மேலே பிடித்த தீ கீழே எப்படிப் போனது? வேகமாகச் சுட வேண்டும் என்ற வெறிதான் வழிவிட்டது. கிடங்கின் கதவைத் திறந்தே வைத்தார்கள். பைகளை உறையிலிருந்து முன்கூட்டியே எடுத்து, வழியெல்லாம் அடுக்கினார்கள். டரெட்டில் பற்றிய தீ பைக்குப் பை தாவி இறங்க இதைவிட வசதியான ஏணி இருக்க முடியாது.

அதே சண்டையில், பிரிட்டிஷ் பேட்டில்குரூசர்களின் தளபதி பீட்டி இருந்த கொடிக்கப்பல் 'லயன்' தப்பியதைப் பாருங்கள். அதன் நடு டரெட்டை ஒரு ஜெர்மன் குண்டு பிய்த்தெறிந்தது. படுகாயமடைந்த மேஜர் பிரான்சிஸ் ஹார்வி, கிடங்கின் கதவுகளை மூடி உள்ளே கடல்நீரை விடச் சொல்லிவிட்டு இறந்தார். சுமார் அரை மணி நேரம் கழித்து, மிச்சமிருந்த பைகள் பற்றி, தீ குழாய் வழியே கீழே பாய்ந்தது. வழியில் இருந்தவர்கள் கருகினார்கள். கிடங்கின் சுவர் உள்பக்கமாக வளைந்தது, ஆனால் மருந்து பற்றவில்லை.

ஜெர்மன் பேட்டில்குரூசர்கள் இப்படி வெடிக்கவில்லை. அதற்காக ஜெர்மானியர் மட்டும் மேதைகள் என்றில்லை, முன்பே சூடுபட்டவர்கள். 1915 ஜனவரியில் டாகர் பேங்க் சண்டையில் 'செய்ட்லிட்ஸ்' கப்பலின் இரண்டு டரெட்கள் எரிந்து சுமார் 160 பேர் செத்தார்கள். அதன்பின் வெளியே எடுத்துவைக்கும் மருந்தின் அளவைக் குறைத்தார்கள். அவர்களுடைய மருந்தின் பெரும்பகுதி பித்தளை உறைக்குள் இருந்ததும் உதவியது. ஜட்லண்டில் 'டெர்ஃப்லிங்கர்' கப்பலின் பின்பக்க டரெட்கள் இரண்டும் எரிந்து போயின. கப்பல் வெடிக்கவில்லை, ஊர் போய்ச் சேர்ந்தது.

சண்டை முடிந்தபின் பிரிட்டிஷார் கிடங்குகளுக்கு மேலே கூடுதல் தகடு போட்டார்கள். அப்புறம் தீ தாவாத கதவுகள் வந்தன, பைகளை வெளியே குவிப்பதும் நின்றது. உயிரைக் காப்பதில் தகட்டைவிட இவைதான் பெரியவை என்பேன்.