டோப்போகிராபி: தமிழில் என்ன சொல்லலாம்?

மலையேறுபவர்கள் 'டோப்போ' என்று சுருக்கிச் சொல்வதன் முழு வடிவம் டோப்போகிராபி. கிரேக்கத்தில் 'தோபொஸ்' என்றால் இடம். 'கிராஃபேன்' என்றால் எழுதுவது, வரைவது. முதலில் ஓர் ஊரையோ வட்டாரத்தையோ சொற்களால் விவரிப்பதைத்தான் இது குறித்தது. நம் தலபுராணங்கள் செய்யும் வேலை கிட்டத்தட்ட அதுதான். மேடுபள்ளம், ஆறு, பாதை, ஊர் ஆகியவற்றை அளந்து தாளில் காட்டுவது என்ற பொருள் அப்புறம் வந்தது.

ஆனால் அளப்பதெல்லாம் டோப்போகிராபி ஆகிவிடாது. 1856-இல் பிரிட்டிஷ் நில அளவையாளர் தாமஸ் மாண்ட்கோமரி காஷ்மீரின் ஹராமுக் மலையில் நின்றபடி, காரகோரம் தொடரில் தெரிந்த இரண்டு சிகரங்களுக்குக் கே1, கே2 என்று குறியீடு இட்டார். கே2 இருந்தது 200 கிலோமீட்டருக்கும் அப்பால்! (கே1-க்கு மஷெர்ப்ரும் என்ற உள்ளூர்ப் பெயர் இருந்தது, கே2-க்கு அந்தக் குறியீடே பெயராகிவிட்டது.) பல நிலையங்களிலிருந்து கோணம் எடுத்தால், பக்கத்தில் போகாமலே ஒரு சிகரத்தின் இருப்பிடத்தையும் உயரத்தையும் கணக்கிடலாம். இது முக்கோண அளவை. பள்ளத்தாக்கு எங்கே திரும்புகிறது, பனியாறு எதுவரை நீள்கிறது என்பதெல்லாம் இதில் வராது.

அதற்கு அன்று நடந்தே ஆக வேண்டியிருந்தது. 1861-இல் இன்னொரு பிரிட்டிஷ் நில அளவையாளர் காட்வின்-ஆஸ்டின், காரகோரத்தின் பால்டோரோ பனியாற்றுப் பகுதிக்குள் போய்ச் செய்தது அதைத்தான். அந்தக் காலத்தில் இதற்கு உதவிய கருவி பிளேன் டேபிள், அதாவது முக்காலியில் பொருத்திய வரைபலகை. அதில் தாளைப் பதித்து, குறிபார்க்கும் சட்டத்தால் எதிரே உள்ள பாறையையோ முகட்டையோ நோக்கிக் கோடு இழுப்பார்கள். இருப்பிடம் தெரிந்த இரண்டு புள்ளிகளிலிருந்து இழுத்த கோடுகள் எங்கே வெட்டுகின்றனவோ, அங்கே அந்த முகடு. இடையில் உள்ளதைப் பார்த்துப் பார்த்து வரைந்து நிரப்புவார்கள்.

சரி, தமிழில்? இந்த வகைப் படத்தைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'தலப்படம்' என்கின்றன; இலங்கையில் 'இடவிளக்கப்படம்'. முன்னது சுருக்கமானது, ஆனால் புதிதாகக் கேட்பவருக்குக் கோயில்தான் நினைவுக்கு வரும். 'நில அளவை வரைபடம்' என்றால் பட்டாவும் புல எண்ணும் வந்து நிற்கும். 'இடவியல்' டோப்பாலஜி என்ற கணிதப் பிரிவுக்குப் போய்விட்டது. என் தேர்வு இடவிளக்கப்படம், துறைக்கு இடவிளக்கவியல்.

சம உயரக்கோடு, அதாவது ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடு, இருந்தால்தான் இடவிளக்கப்படம் என்று சிலர் நினைப்பதுண்டு. பழைய மலைப்படங்கள் பலவற்றில் அது கிடையாது. சரிவின் போக்கிலேயே சிறுசிறு கீற்றுகள் இழுத்திருப்பார்கள். செங்குத்தான இடத்தில் கீற்றுகள் தடித்துக் கறுத்திருக்கும்.