பீலித் தண்ணீர் எந்தக் காட்டிலிருந்து வருகிறது?

மாசி, பங்குனியில் வெயில் கொளுத்தும்போதும் இலங்கை மலையகத்தில் எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பீலி, அதாவது தண்ணீர் விழும் குழாய், நிற்பதில்லை. மெலியும், குடம் நிறைய நேரமெடுக்கும், ஆனால் வரும். தோட்டத்து டேங்கிலிருந்துதான் வருகிறது என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். ஒருநாள் குழாய் அடைத்துக்கொண்டதென்று மாமாவோடு அதன் வழியே ஏறினேன். தேயிலை மலை முடிகிற இடத்தில் ஓர் எல்லைக்கல், அதைத் தாண்டினால் காடு. வானத்தில் மழை இல்லை, பனிமூட்டம் மட்டும்தான், இருந்தும் மரத்தடியில் நின்ற கொஞ்ச நேரத்தில் சட்டை நனைந்துவிட்டது. "மழையில்லடா, மரம்தான் சொட்டுது" என்றார் மாமா.

அவர் சொன்னது சரிதான், அது மேகக்காடு. மரங்கள் குட்டை, தண்டெல்லாம் பாசி. மூட்டத்திலுள்ள நீர்த்துளிகள் தாமாக விழமுடியாத அளவுக்குப் பொடி. அவை இலையிலும் பாசியிலும் மோதி, ஒன்றோடொன்று சேர்ந்து, கனம் கூடியதும் சொட்டுகின்றன. மரத்தை வெட்டிவிட்டால் அதே மூட்டம் மலையைத் தடவிக்கொண்டு போய்விடும். சொட்டிய தண்ணீரும் உடனே ஓடிவிடுவதில்லை. மக்கிய இலையும் வேரும் பொதபொதவென்று வைத்திருக்கிற மண்ணுக்குள் இறங்கி, பல நாள் கழித்து எங்கோ கீழே ஊற்றாக வெளியே வருகிறது. மகாவலி, களனி, வளவை ஆறுகள் மூன்றுக்கும் தலைநீர் மலையகத்தின் உச்சியிலுள்ள ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம்தான்.

சரி, தேயிலை ஏன் அந்தக் கல்லோடு நின்றது? கோப்பிக்காக வெள்ளைக்காரத் துரைமார் மலைமலையாக மொட்டையடித்துக்கொண்டிருந்த காலத்தில், 1873இல், இங்கிலாந்தின் கியூ தாவரவியல் பூங்காவின் ஜோசப் ஹூக்கர் 5,000 அடிக்கு மேலுள்ள காட்டைத் தொடவேண்டாம் என்று யோசனை சொன்னார். 1887இல் வன இலாகா வந்தது. அந்தக் கோடு எல்லா இடத்திலும் காப்பாற்றப்படவில்லை, நுவரெலியாவில் 6,000 அடியிலும் தேயிலை நிற்கிறது. ஆனாலும் மிஞ்சிய உச்சிக்காடுகள் பலவற்றுக்குப் பின்னால் அந்த யோசனை இருக்கிறது.

இன்று ஒரு காட்டைக் காப்பதென்றால் முதலில் அளந்து, வர்த்தமானியில் அறிவித்து, கல் நடவேண்டும். அதற்கு 1907ஆம் ஆண்டின் வனக் கட்டளைச் சட்டம் அடிப்படை. எந்தக் காடு யாருடைய பொறுப்பு என்ற குழப்பம் இதற்குப் பிறகுதான். நக்கிள்ஸ் மலைத்தொடரின் பேணற்காடு (பாதுகாக்கப்பட்ட காடு) வன இலாகாவிடம். ஹோர்ட்டன் சமவெளி 1988இலிருந்து தேசிய பூங்கா, ஆகவே வனஜீவராசிகள் திணைக்களத்திடம். இலாகா நட்ட மரத்தை வெட்டி விற்பது அரச மரக் கூட்டுத்தாபனம். தோட்டத்து டர்பன்டைன் (யூகலிப்டஸ்) மரங்கள் தோட்டக் கம்பனிக்கு. விறகுக்கட்டோடு இறங்கிவருகிற அக்காவிடம் எந்த இலாகா காடு என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்?

நட்ட மரம் என்றால் பைனஸ் என்கிற ஊசியிலை மரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மண் அரித்துப்போன பழைய தேயிலைக் காணிகளிலும் பத்தனை எனப்படும் மலைப் புல்வெளிகளிலும் 1970கள், 80களில் அதை ஏராளமாக நட்டார்கள். வேறெதுவும் பிடிக்காத மண்ணில் அது பிடித்தது, அதை மறுக்கக்கூடாது. ஆனால் ஊசியிலை லேசில் மக்காது, பிசினும் சேர்ந்து வெயில் காலத்தில் ஒரு தீக்குச்சிக்கே மலை எரியும். "பைனஸ் ஊற்றை உறிஞ்சிவிட்டது" என்று ஊரில் சொல்வதிலும் விஷயம் உண்டு: புல் நின்ற இடத்தில் வேகமாக வளர்கிற மரத்தை நட்டால் அது புல்லைவிட அதிகம் குடிக்கும். மேகக்காட்டில் மரம் தண்ணீர் சேர்க்கிறது என்பதற்காக எந்த மலையிலும் எந்த மரமும் அதையே செய்யும் என்று நினைத்தது பிழை என்பேன்.

இதற்கு வழி இல்லாமலில்லை. சிங்கராஜா மழைக்காட்டின் ஓரத்தில் பைனஸ் வரிசைகள் சிலவற்றை வெட்டி, வெளிச்சம் விட்டு, இடையில் அந்தக் காட்டு மரங்களின் கன்றுகளை நட்டுப் பார்த்தார்கள், நிழலுக்கு மிச்ச பைனஸ் நின்றது, கன்றுகள் வளர்ந்தன. எங்கள் மேல்மலைப் பைனஸுக்குள் நான் பார்த்தவரை அப்படி ஒரு கன்றும் இல்லை. காய்ந்த ஊசியிலைதான் கிடக்கிறது, செருப்புப் போட்டு நடந்தால் வழுக்கும்.